பரிசோதகருக்காகத் துடைத்த வீடு

வெளிநாட்டவர் பதிவுப் பிரிவின் யன்னல்களில் இந்த மாதம் உட்காரப் போகும் நான்கு பேருக்கும் இது. நடைமுறைகள் பற்றி நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று உங்கள் பொறுப்பாளர் கேட்டார். நடைமுறைகள் பச்சை மட்டைப் புத்தகத்தில் இருக்கின்றன. அதில் பாதியை எழுதியவன் நான். மீதிப் பாதியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவனும் நான். படியுங்கள், தூக்கம் வரும். இத்தாலிய மொழி உங்களுக்கு என்னைவிட நன்றாக ஓடும் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். சிரமமாக இருந்தால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் சொல்லப் போவது ஒரு பிழையைப் பற்றி. என்னுடைய பிழை. பலெர்மோ நகரசபையில் சேர்ந்து நாலாவது மாதத்தில், சட்டம் முழுவதும் தெரிந்த மனிதனாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோது, ஒரு தாய்க்கும் அவளுடைய பதினேழு வயது மகளுக்கும் நடுவே ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு தும்புத்தடியையும் கொண்டுபோய் வைத்தேன். அதற்கு முன் நான் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தேன் என்று சொல்லவேண்டும். பேஸ்போல் விளையாடி வந்தேன்.

சிரியுங்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் நான் வழக்கமாகத் தொடர்வேன்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தேன். சனிக்கிழமைகளில் வேகப்பந்து வீசினேன். என் முழங்கை மடிகிறது என்று ஒரு நடுவர் ஒரே ஆட்டத்தில் ஏழு தடவை கையை நீட்டி நோபோல் கொடுத்தார். எட்டாவது பந்தை நான் வீசவில்லை. அவர் சொன்னது சரிதான், முழங்கை மடிந்தது. சரியாகச் சொன்னவரை மன்னிப்பது கடினம்.

பிறகு நாடு எரிந்தது; எல்லோரையும் போல நானும் வந்து சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பலெர்மோவின் கால்சாப் பகுதியில் திருத்திக் கட்டிய ஒரு பழைய மாளிகையின் நாலாம் மாடியில், ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டைக் கூட்டித் துடைத்தேன். அந்தத் தெருவில் கடைச்சாமான்கள் மாடிக்குப் போவது கயிற்றில் கட்டிய கூடையில்தான். ஒரு நாள் கூடை மூன்றாம் மாடிக்காரரின் உடுப்புக் கொடியில் சிக்கிக்கொண்டது. மேலே பல்கனியில் சிஞ்ஞோராவின் தம்பி நின்றார். நான் கீழே நின்று எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எறிந்தேன். ஆறு பழங்கள். ஆறும் அவருடைய கைக்குள். அவர் கையை அசைக்கவேண்டி வரவில்லை.

அவர் படியிறங்கி ஓடி வந்தார். நகரத்தின் ஓரத்தில் ஒரு கல்லு மைதானத்தில் விளையாடிய பேஸ்போல் கழகத்தின் பயிற்றுநர் அவர்.

"இந்தக் கையை இதுக்கு முதல் ஆராவது பாத்தவையோ?"

"ஒரு நடுவர் பாத்தவர். அவருக்குப் பிடிக்கேல்லை."

"ஏன்?"

"முழங்கை மடியுது."

"மடியத்தானே வேணும்!" என்றார். இத்தாலிய மொழியில் எனக்கு யாரும் சொன்ன முதல் பாராட்டு அது. ஒரு நாட்டில் தடைசெய்யப்பட்டது இன்னொரு நாட்டில் தகைமையாகிவிடும். இந்த யன்னலில் உட்கார்ந்தால் இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பீர்கள்.

மற்றவர்கள் மீன்சந்தையிலும் தபால் கந்தோரிலும் வேலை முடித்து வந்து விளையாடினார்கள். அந்தக் கழகத்தில் சம்பளத்துக்குப் பந்தெறிந்த முதல் ஆள் நான்தான். முதல் ஆட்டத்தில் பன்னிரண்டு அடி பின்னால் போய், ஓடி வந்து, பந்தை நிலத்தில் குத்தி எழும்ப விட்டேன். மட்டைக்காரன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பயிற்றுநர் மைதானத்துக்குள் நடந்து வந்தார். "டொற்றோரே, பஸ் பிடிக்கவோ ஓடுறாய்? இஞ்சை நில். இந்த மண்மேட்டிலை. நீ எறியுமட்டும் ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. எல்லாரும் உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்." கச்சேரியில் வேலை பார்த்தவன் என்பதால், படித்தவர்களை அங்கே அழைப்பதுபோல அவர் என்னை டொற்றோரே என்று கூப்பிட்டார். மரியாதையா கிண்டலா என்று மூன்று வருடமாகக் கேட்டும் தெரியவில்லை.

இரண்டாவது வருடம் ஒரு ஆட்டத்தைத் தனியாளாகத் தோற்றேன். பேஸ்போலில் நாலு மூலைகளைச் சுற்றி ஓடி வந்தால் ஒரு ஓட்டம். எண்ணிக்கை சமம், எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாம் மூலையில் நின்றான். நான் கையைச் சுழற்றத் தொடங்கியதும் அவன் மூலையை விட்டு நகர்ந்தான். கிரிக்கெட்டில் பந்துவீசும் முனையில் நிற்பவன் கோட்டை விட்டு முந்திப் போனால் வீச்சை நிறுத்தி விக்கெட்டைத் தட்டிவிடலாம். அது நம் இரத்தத்தில் ஊறியது. நான் பாதிச் சுழற்சியில் நிறுத்தி மூன்றாம் மூலைக்கு எறிந்தேன். பேஸ்போலில் தொடங்கிய எறியை நிறுத்துவது குற்றம். நடுவர் கைகளை உயர்த்தினார். ஓடுபவர்கள் ஒவ்வொரு மூலை முன்னே போகலாம். அவன் மெல்ல நடந்து, வழியில் எனக்கு ஒரு முத்தத்தைக் காற்றில் அனுப்பி, வெற்றி ஓட்டத்தை எடுத்தான்.

பயிற்றுநர் கத்தவில்லை. "கெட்ட பந்தெண்டாலும் எறிஞ்சு முடி. நடுவிலை நிப்பாட்டினால்தான் மற்றப் பக்கத்துக்காரர் எல்லாருக்கும் லாபம்" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது வருடம் தோள்மூட்டு போனது. ஆனால் அதற்கு முன்பே பேஸ்போல் என்னை நகரசபைக்குக் கொண்டுவந்துவிட்டது. சம்பளத்துக்கு விளையாட வதிவிடச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்காக இதே மண்டபத்தில் ஆறு காலைகள் வரிசையில் நின்றேன். வாசிக்க வேறு எதுவும் இல்லாததால் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை வாசித்தேன். ஏழாவது காலை யன்னலுக்குள் இருந்தவர் ஒரு கடுதாசி குறைகிறது என்றபோது, சுவரைக் காட்டி, குறையவில்லை என்றேன். உள்ளே இருந்த பிரிவுத் தலைவி எழுந்து வந்து சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பல வருடமாக அந்தச் சுவரை வாசித்த முதல் ஆள் நானாம். பின்னாளில் தமிழ் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டபோது, "அந்தச் சுவர் வாசிக்கிற பந்துக்காரன் எங்கே?" என்று தேடியது அவர்தான். ஆறு மாத ஒப்பந்தம், ஒரு நாற்காலி, ஒரு முத்திரை.

இனி ரீற்றா அக்கா.

மன்னார்க்காரி, நாற்பத்தொரு வயது. காலையில் ஒரு சிஞ்ஞோரா வீடு, பின்னேரம் இன்னொரு சிஞ்ஞோரா வீடு. அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், இரண்டு அறை வீடொன்றைத் தங்கையோடு சேர்ந்து புதிதாக எடுத்திருந்தாள். மகள் சுகந்தி மன்னாரில், அக்காவின் தமையன் வீட்டில். ஆறு வருடமாகப் பார்க்கவில்லை. மகளைக் கூப்பிட விண்ணப்பம் போடவேண்டும். அதற்கு அக்காவின் புதிய வீட்டு வதிவிடச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் மகளுக்குப் பதினெட்டு வயது முடிவதற்குள் போகவேண்டும். அதற்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் அவள் பிள்ளை இல்லை. ஊரில் சண்டை, பதினெட்டுக்கு இன்னும் இரண்டு கிழமை.

வதிவிடம் கிடைக்க நகரசபையின் பரிசோதகர் வீட்டுக்கு வந்து, ஆள் உண்மையாகவே அங்கே வசிக்கிறாரா என்று பார்ப்பார். முன்னறிவித்தல் கிடையாது. அதுதான் அந்தச் சோதனையின் முழு அர்த்தமும். ஆனால் பரிசோதகரின் நாட்குறிப்பு என் மேசை வழியாகப் போனது. பரிசோதகர் வரும் நேரம் இரண்டு சிஞ்ஞோராக்களில் ஒருவரின் வீட்டில் அவள் நிலம் துடைத்துக்கொண்டிருந்தால் கதவைத் திறக்க ஆள் இருக்காதே என்று நினைத்தேன். நல்ல எண்ணம். நல்ல எண்ணத்தோடு செய்த பிழைக்குத்தான் ஆயுள் அதிகம்.

"அக்கா, புதன்கிழமை காலமை வருவினம். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. லீவு எடுங்கோ. வீட்டை வடிவா வைச்சிருங்கோ, அதிகாரி வாற வீடு."

"தம்பி, அதை எனக்கு விடுங்கோ. ஆயர் வந்து சாப்பிட்ட வீடு எங்கட வீடு."

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் நம்முடைய பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கும் என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு. உடைந்த வாங்குகள் கிணற்றடிக்குப் பின்னால். அழுக்கான பிள்ளைக்கு அன்று விடுமுறை. அதிகாரிக்கு முன்னால் வாழ்க்கையை ஒளித்துவைப்பதுதான் நமக்குத் தெரிந்த மரியாதை. ரீற்றா அக்கா அந்த மரியாதையைக் குறைவில்லாமல் செய்தாள். மெத்தைகள் கீழ்வீட்டுக் கானா நாட்டுக் குடும்பத்திடம் போயின. உடுப்புப் பெட்டிகள் கோயில் மண்டபத்துக்கு. அரிசி மூடை, கருவாடு, சட்டி பானை எல்லாம் தங்கையின் சினேகிதி வீட்டுக்கு. பல்துலக்கும் பிரஷ் அசிங்கம் என்று அதுவும் மறைந்தது. நிலம் கழுவி, மேசைக்குப் பூவேலை விரிப்புப் போட்டு, மாதா சொரூபத்தைத் துடைத்து, ஒரு தட்டில் மீன் கட்லட் அடுக்கி, இரண்டு பேரும் சேலை உடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

பரிசோதகர் அலுமாரியைத் திறந்தார், காலி. குசினியில் ஒரு கரண்டிகூட இல்லை. குளியலறையில் சவர்க்காரம் இல்லை. எங்கே படுக்கிறீர்கள் சிஞ்ஞோரா என்று கேட்டார். அந்நிய ஆம்பிளையோடு படுக்கையைப் பற்றிக் கதைக்க வெட்கப்பட்டு, அக்கா சுவரைக் காட்டினாள். அவர் எழுதியது இவ்வளவுதான்: வீடு காலி, விருந்துக்காகத் திறந்திருக்கிறது, விண்ணப்பதாரர் இங்கே வசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அந்த அறிக்கை என் கையில். அதே நேரம் யன்னலுக்கு வெளியே ரீற்றா அக்கா, வேலைக்குப் போகும் வழியில், முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, வடிவா முடிஞ்சுது! மூண்டு கட்லட் சாப்பிட்டவர்!"

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? விண்ணப்பத்தை மறுத்தால் அவள் புதிதாகப் போடலாம். அடுத்த சோதனை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வருகிற செவ்வாய்க்கிழமை சுகந்திக்குப் பதினெட்டு.

ஆறாம் யன்னலில் இருந்த பலெர்மோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அறிக்கையை வாசித்தார். கட்லட் நன்றாக இருந்திருக்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டொற்றோரே, கடுதாசிக்குக் கால் இல்லை. நீ தூக்கினால்தான் நடக்கும். சான்றிதழை இண்டைக்கு அடி. அறிக்கையைத் திங்கட்கிழமை கண்டுபிடி."

ஆசை வரவில்லை என்றால் பொய். முத்திரை என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் கொஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், ஒரு பொலிஸ்காரன் சான்றிதழின் நாளையும் அறிக்கையின் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மகளின் விண்ணப்பம் மட்டுமல்ல, இந்த நாட்டில் தங்க அக்காவுக்கு இருக்கும் சொந்தப் பெர்மெஸ்ஸோவும் போய்விடும். ஆபத்து முழுவதும் அவளுடையது, துணிச்சல் மட்டும் என்னுடையது. அப்படிப்பட்ட துணிச்சலை இந்த அலுவலகத்தில் நிறையப் பார்ப்பீர்கள். அதற்கு ஆட்கள் கைதட்டுவார்கள்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு விதிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். விண்ணப்பதாரரின் தவறால் சோதனை பிழைத்தால் புதிய விண்ணப்பம். அலுவலகத்தின் தவறால் பிழைத்தால் அந்தச் சோதனை செல்லாது. உடனே மறுபடி செய்யவேண்டும். உடனே என்றே எழுதியிருந்தது. ஆக, சுகந்திக்கு ஒரே வழி, இந்த அலுவலகத்தில் தவறு செய்தவன் ஒருவன் இருக்கவேண்டும். இருந்தான்.

இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒன்றரைப் பக்கம் என்னை நல்லவனாகக் காட்டியது. அதைக் கிழித்துவிட்டு ஐந்து வரி எழுதிப் பிரிவுத் தலைவியின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போடாமலே கேட்டார்.

"என்ன இது?"

"சோதனை நாளை நான் முன்கூட்டிச் சொல்லிப்போட்டன். வீட்டை எப்பிடி வைக்கவேணும் எண்டும் சொன்னனான்."

"காலி பண்ணச் சொன்னியா?"

"வடிவா வைக்கச் சொன்னனான். மிச்சத்தை எங்கட பழக்கம் செய்தது."

அவர் சிரிக்கவில்லை. "வாசிச்சால் நான் இதை மேலை அனுப்பவேணும். உன்ரை ஒப்பந்தம் முடிய ரெண்டு மாதம் இருக்கு. இன்னும் நான் வாசிக்கேல்லை. போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வா. வரேக்கை இந்தத் தாள் மேசையிலை இல்லாட்டியும் நான் தேட மாட்டன்."

கை ஏற்கெனவே சுழலத் தொடங்கிவிட்டது. இனி நிறுத்தினால் யார் யார் முன்னே போவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"வாசியுங்கோ" என்றேன்.

வாசித்தார். புதிய சோதனைக்குக் கையெழுத்துப் போட்டார். நாட்குறிப்பைத் தன் லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். செவ்வாய்க்கு முன்னால் ஒரு நாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரீற்றா அக்கா மறுபடி வந்தாள். முந்தின நாள் சிரிப்பு இல்லை.

"சான்றிதழ் இன்னும் வரேல்லையோ தம்பி?"

"இன்னும் இல்லை அக்கா."

"தம்பியின்ரை முகமும் சரியில்லை." யன்னலுக்குள் குனிந்தாள். "பயப்பிடாதேங்கோ. இன்னும் ஆரும் வந்தாலும் எண்டு வீட்டை அப்பிடியே வைச்சிருக்கிறன். ஒரு சாமானும் திருப்பி எடுக்கேல்லை. நானும் தங்கச்சியும் பாய் விரிச்சுப் படுத்திட்டு, விடிய அதையும் கீழை குடுத்துவிடுறம்."

மண்மேட்டில்கூட என் முதுகு அப்படிக் குளிர்ந்ததில்லை. பரிசோதகர் அன்று பின்னேரமே போகலாம், அடுத்த நாள் போகலாம். அக்காவிடம் மெத்தையைத் திருப்பி எடுங்கள் என்று காதுக்குள் சொன்னால், இரண்டாவது சோதனையையும் நானே கெடுத்தவனாவேன். அதற்குப் பிறகு எந்த விதியிலும் இடமில்லை. சொல்லாவிட்டால் அவர் மறுபடி துடைத்த வீட்டைத்தான் பார்ப்பார்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன், பிள்ளைகள். நான் நின்றேன். வரிசை முணுமுணுத்தது; நிற்கட்டும் என்று விட்டேன். அவளுக்குச் சொல்லக்கூடாதது என்ன? நாள். அவளுக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லக்கூடாதது என்ன? எல்லாம். ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டியதை எல்லோருக்கும் கேட்கச் சொல்லலாம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எழுந்து வெளியே வந்தேன். வரிசையில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சனம் நின்றார்கள். சுவருக்கு முன்னால் நின்று, நான் முன்பு ஆறு காலைகள் வாசித்த அந்தத் தாளை, ஆறாம் யன்னலுக்கும் தலைவியின் அறைக்கும் கேட்கும்படி தமிழில் வாசித்தேன்.

"எல்லாரும் கேளுங்கோ. வீட்டுச் சோதனை எண்டால் என்ன? ஆள் அந்த வீட்டிலை படுக்கிறாரோ, சமைக்கிறாரோ, உடுப்பு, சாமான் வைச்சிருக்கிறாரோ எண்டு பாக்கிறது. எப்ப வருவினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்ல மாட்டினம். வீடு துப்புரவோ எண்டு பாக்கிறேல்லை."

"ஊத்தையா இருந்தாலும் பரவாயில்லையோ அண்ணை?" என்று பின்னால் ஒருவன் கேட்டான்.

"ஊத்தைக்கு விதி இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். ரீற்றா அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப தம்பி… மெத்தை?"

"சுவரிலை இவ்வளவுதான் எழுதியிருக்கு அக்கா."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு செருப்பு கழல ஓடினாள். அன்றைய பின்னேர சிஞ்ஞோராவின் வீடு துடைபடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். தலைவி தன் கதவடியில் நின்று முழுவதையும் கேட்டார். தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் நான் எந்தத் தாளுக்கு முன்னால் நிற்கிறேன் என்பது விளங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை கந்தோர் திறந்ததும் முதல் ஆளாக ரீற்றா அக்கா நின்றாள். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"அந்த மனிசன் சனிக்கிழமை விடிய வந்து நிக்குது தம்பி! நான் நைட்டியோடை, தலையெல்லாம் எண்ணெய். தங்கச்சி பாத்ரூமுக்குள்ளை இருந்து கத்துறாள். குசினியிலை கருவாடு பொரியுது. அறைக்குள்ளை கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டது அவற்றை தொப்பியிலை முட்டுது. மெத்தையிலை மிதிச்சுக்கொண்டு நிண்டு எழுதுறார்! மானம் போச்சு. இண்டைக்கு மறுத்துத்தானே எழுதியிருப்பார்?"

அறிக்கையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வசிக்கிறார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. கடைசி மூன்று சொற்களும் எந்தப் படிவத்திலும் கேட்கப்படாதவை. பரிசோதகர் தன் பாட்டில் எழுதியவை.

சான்றிதழை அடித்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மகளுக்குப் பதினேழு வயதாக இருந்த கடைசி நாள் அது.

எனக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். கண்டனக் கடிதம் ஒன்று வந்தது. என் கோப்பில் இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள், நல்ல இத்தாலிய மொழி. ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குப் பதிலாக மூன்று மாதம் நீட்டித்தார்கள், பிறகு இன்னொரு மூன்று. குடியுரிமை கிடைத்துப் பரீட்சை எழுதும்வரை மும்மூன்று மாதமாக வாழ்ந்தேன். அந்தக் கடிதம் வந்த அதே வாரம், சோதனை பற்றிய தாளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டும்படி தலைவி உத்தரவிட்டார். அதைத்தான் நான் முதல் நாளே செய்திருக்கவேண்டும். ஒருத்திக்கு இரகசியமாக உதவுவது எனக்கு இனிப்பாக இருந்தது. எல்லோருக்கும் பகிரங்கமாக வேலை செய்வது அலுப்பாக இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அலுப்பானதைச் செய்யுங்கள்.

நாலு மாதம் கழித்து ரீற்றா அக்கா ஒரு உயரமான பெட்டையோடு யன்னலுக்கு வந்தாள். பெட்டை தாயின் கையை விடாமல் பிடித்திருந்தாள், தாய் அவளுடைய கைப்பையையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். இனி சுகந்தியின் பெயரையும் அந்த வீட்டில் பதியவேண்டும்; அதற்கும் சோதனை வரும். படிவத்தை நிரப்பி முடித்ததும் பெட்டை மெல்லக் கேட்டாள்.

"மாமா, அவை எப்ப வருவினம்?"

நாட்குறிப்பு என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

"எனக்குச் சொல்லேலாது பிள்ளை."

அவள் முகம் வாடியது. ரீற்றா அக்கா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இவராலைதான் நீ இஞ்சை நிக்கிறாய். கும்பிட்டிட்டு வா," என்றாள். "ஆனால் இவர் என்ன சொன்னாலும் வீட்டை மட்டும் கூட்டிப்போடாதை."